முன்வாசல் மணி

காலையில் அந்தப் புல்வெளி காலியாகத்தான் இருந்தது. இப்போது அங்கே கர்ட் சிவர்ட்சனின் தேர்தல் பலகை நின்றது.

மார்லிஸ் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

பள்ளி வாரியத்துக்கு மறுபடியும் நிற்பவள் அவள். அவளை எதிர்த்து நிற்பவர் கர்ட். வரும் செவ்வாய்க்கிழமை தேர்தல்.

மதியம் முழுக்கக் கர்ட்டின் பலகைகளைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். வடக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை மூடலாம் என்று வாரியத்தில் கை தூக்கியவளுக்கு வடக்குப் பக்கத்தில் பூச்செண்டா கொடுப்பார்கள்? அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஒரு பலகைதான் மனதைக் குடைந்தது. போன தேர்தலில் இதே இடத்தில் அவளுடைய பலகை நின்றது.

பேசாமல் போய்விடலாம்தான். ஆனால் காரணம் தெரியாமல் கால் நகர மாட்டேன் என்றது. சருகுகளை மிதித்துக்கொண்டு போய், படியேறி, மணியை அடித்தாள்.

எங்கள் ஊரில் முன்வாசல் மணியை அடிப்பவர்கள் பைபிள் கொண்டு வருகிறவர்கள், ஜன்னல் விற்கிறவர்கள், இவர்களை விட்டால் ஓட்டுக் கேட்கிறவர்கள். மற்ற எல்லாரும் பின்பக்கமாக வந்து நேரே சமையலறைக்குள் நுழைந்துவிடுவார்கள். திறந்து பழக்கமில்லாததால் முன்கதவுகள் இறுகிப்போய்க் கிடக்கும். இந்தக் கதவும் உள்ளிருந்து யாரோ மல்லுக்கட்டிய பிறகுதான் திறந்தது.

திறந்தவரின் கையில் பிடிதுணி. மார்லிஸைப் பார்த்தார். பிறகு அவள் கோட்டில் குத்தியிருந்த பெயர் வில்லையைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல நிதானமாகப் பார்த்தார்.

"சொல்லுங்க மேடம்."

மார்லிஸ் மதியம் முழுக்கச் சொன்னதையே சொன்னாள்.

"பள்ளி வாரியத்துக்கு மறுபடி நிக்கிறேன். உங்க ஓட்டு எனக்கு வேணும்."

"ரெண்டு ஓட்டு இருக்கற வீடு இது. இன்னொருத்தங்க இப்ப இல்ல. அவங்க எப்பவுமே ஏதாவது மீட்டிங்லதான் இருப்பாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"போன தடவை இங்க என் பலகை இருந்துச்சு," என்றாள் மார்லிஸ்.

"நான்தான் நட்டேன்."

"இப்ப ஏன் அவரோடது?"

அவர் கதவுநிலையில் சாய்ந்துகொண்டார். "மத்தியானம் கர்ட் வந்தாரு. உங்களை மாதிரியே மணியடிச்சாரு. உங்க புல்வெளியில ஒரு பலகை நட்டுக்கட்டுமான்னு கேட்டாரு. வந்து கேக்கறவர்கிட்ட எப்படி இல்லேன்னு சொல்றது?"

இது எங்கள் ஊர் வியாதி. முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல இங்கே யாருக்கும் வராது. வேண்டாத நாய்க்குட்டியைக்கூட நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம்.

"அவ்வளவுதானா?" மார்லிஸ் விடவில்லை.

அவர் பிடிதுணியை மடித்தார். திரும்பவும் பிரித்தார்.

"பள்ளிக்கூடத்தை மூடறதுக்கு முன்னாடி நீங்க வீடு வீடாப் போய்க் கருத்துக் கேட்டீங்கன்னு ஊரே சொல்லுது. மழையில நனைஞ்சுக்கிட்டே போனீங்களாம். இந்த வீட்டுக்கு மட்டும் யாரும் வரல, மேடம்."

அவர் கோபப்பட்டிருந்தால் மார்லிஸ் பதில் சொல்லியிருப்பாள். கோபக்காரர்களுக்குச் சொல்ல அவளிடம் பதில்கள் நிறைய உண்டு. இவர் குரலிலோ, காத்திருந்து காத்திருந்து சலித்துப்போன ஒரு மனிதர் இருந்தார்.

கையிலிருந்த துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். அதை மரியாதையாக வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மல்லுக்கட்டிக் கதவை மூடினார்.

மார்லிஸ் படியிறங்கினாள். கர்ட்டின் பலகையைத் தொடவில்லை. அடுத்த வீட்டுக்கும் போகவில்லை. வீட்டின் பக்கவாட்டில் நடந்து, கராஜைத் தாண்டி, பின்பக்கம் வந்தாள்.

தட்டாமல் கதவைத் திறந்தாள். பூட்ஸைக் கழற்றி, அங்கே கிடந்த ஆண்கள் பூட்ஸுக்குப் பக்கத்தில், வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்தாள்.

சமையலறையில் அவள் கணவன் வெர்லின், அதே பிடிதுணியால் அடுப்பிலிருந்து, இறைச்சிமேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டியே," என்றார், திரும்பாமல்.

அவள் பெயர் வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. அவள் வராத நாட்களிலும் இரண்டு வைப்பாரோ என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தாள்.

"மறுபடி நிக்கட்டுமான்னு உன்னை நான் கேக்கவே இல்லல்ல?"

"பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

உருளைக்கிழங்கு முறுகிய ஓரத்தை வெட்டி அவள் தட்டில் வைத்தார். அவளுக்குப் பிடித்தது அதுதான்.

"இப்பக் கேக்கறேன், வெர்லின். வேணாம்னு தோணினா வேணாம்னே சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வெர்லின் எதிரில் உட்கார்ந்தார். முள்கரண்டியை எடுத்தார். கீழே வைத்தார். எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ தோத்துட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும்," என்றார். "ஓட்டு உனக்குத்தான் போடப் போறேன். ஆறிடும், சாப்பிடு."