ஐந்தாவது புகார்

"வீடு பூட்டியிருந்துச்சுன்னு உங்க மெக்கானிக் எழுதியிருக்காராமே. நாலு தடவையும் நான் உள்ளதான் சார் இருந்தேன்."

வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாள் அந்தப் பெண். சர்வீஸ் சென்டருக்கு மேற்பார்வையாளராக வந்து பத்து நாள்கூட ஆகாத அவருக்கு முகம் சுருங்கிப் போனது. ஒரே வீட்டிலிருந்து நான்கு மாதத்தில் ஐந்து புகார். அதனால்தான் மெக்கானிக்கைக் கையோடு இழுத்துக்கொண்டு தானே கிளம்பி வந்திருந்தார்.

மெக்கானிக் பின்னால் டூல்ஸ் பையுடன் நின்றார். இருபது வருட அனுபவம், கைராசிக்காரர் என்று சென்டரில் பெயர். இந்த முகவரியைச் சொன்னதிலிருந்து, அது பழைய மெஷின், ரிப்பேர் செய்வது வேஸ்ட், நீங்கள் எதற்கு அலைய வேண்டும் என்று வழியெல்லாம் தடுத்துக்கொண்டே வந்தவர்.

வாஷிங் மெஷின் குளியலறையை ஒட்டி நின்றது. பக்கத்தில் இரண்டு வாளி நிறைய ஊறவைத்த துணி. அவள் கைகளை விரித்துக் காட்டினாள். சோப்புத்தூள் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. பெட்ஷீட்டைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம், வீட்டுக்காரர் பேண்ட்டில் ஏற்றிக்கொண்டு வரும் எண்ணெய்க் கறையைத் தேய்த்துத்தான் மணிக்கட்டே விட்டுப்போனது என்றாள்.

"உங்க வீட்டுக்காரரை விட்டு ஒரு வார்த்தை பேசச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவர்கிட்ட சொல்றதும் இந்தச் சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு சார்."

மெக்கானிக் மெஷினைத் தொடாமலேயே தீர்ப்புச் சொன்னார். ஒன்பது வருஷத்து மெஷின். மோட்டார் போயிருக்கும், டிரம்மும் ஆடும். இதற்குக் கொட்டி அழுவதைவிட எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

"நாலு மாசமா இதே பாட்டுதான் சார்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு தடவைகூட திறந்து பாக்கல. திறந்து பாத்துட்டு ஆகாதுன்னு சொல்லட்டும், நானே தூக்கிப் போட்டுடறேன்."

மேற்பார்வையாளருக்குச் சுர்ரென்று ஏறியது. "திறங்க," என்றார்.

மெக்கானிக் கதவுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவிட்சை அணைத்தார். மெஷினை இழுத்துப்போட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கையால் சுற்றிவிட்ட டிரம் சத்தமே இல்லாமல் சுழன்றது. பெல்ட் மட்டும் அறுந்து அடியில் கிடந்தது.

பத்தே நிமிஷம். பையில் இருந்த புது பெல்ட்டை மாட்டியதும் மெஷின் ஓடத் தொடங்கியது.

அதைப் பார்க்கப் பார்க்கத்தான் மேற்பார்வையாளருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பத்து நிமிஷ வேலைக்கு ஒரு பெண்ணை நாலு மாசம் கை வெடிக்கத் துவைக்க விட்டிருக்கிறாரே, அதை மறைக்க நாலு தடவை பொய் வேறு எழுதியிருக்கிறாரே என்று அவள் எதிரிலேயே பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை. "காலையிலிருந்து பத்து வீட்ல இதே வேலைதான் சார். அதுக்கு மேல இன்னொரு மெஷினைப் பாத்தாலே எரிச்சலா வருது."

"உங்க எரிச்சலுக்கு இவங்க என்ன பண்ணுவாங்க? வாயை மூடுங்க."

அந்தப் பெண் மெக்கானிக்கையே முறைத்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் அவள் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். நாளைக் காலையில் மெமோ, அடுத்த வாரமே வேறு ஏரியாவுக்கு மாற்றல் என்று உறுதி சொன்னார்.

"என் வார்த்தையை நம்புங்கம்மா. இனிமே இந்த ஆளு உங்க வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டாரு."

"மிதிக்காம எப்படி சார்?" அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "வேலை முடிஞ்சா இங்கதானே வரணும், இவர்தான் என் வீட்டுக்காரர்."