மேகத்துக்கு வந்த விக்கல்

வீடியோ கேம் ஆட ஆசைப்பட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய லேப்டாப் ஒன்று இணைய மேகத்தின் வாசலில் போய் நின்றது. உலகத்து கேம்கள் எல்லாம் அந்த மேகத்துக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

"லினக்ஸா? உன் ஆளுங்க நூத்துக்கு ரெண்டு பேர்கூடத் தேற மாட்டாங்க. அவங்களுக்குன்னு தனியா கதவு வைக்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்றது மேகம்.

சொல்லி வாய் மூடவில்லை, அதற்கு விக்கல் எடுத்தது. உள்ளே ஓடிய கேம்கள் அத்தனையும் அப்படியே உறைந்துவிட்டன.

"ஐயோ, சர்வர் படுத்துடுச்சு! கொஞ்சம் வந்து பாரேன்!"

லேப்டாப் உள்ளே போய்ப் பார்த்தது. வரிசையாக நின்ற சர்வர்கள் எல்லாமே லினக்ஸ்! அதற்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கெட்டுப்போன நிரல் வரியைத் தேடித் திருத்தியது. மற்ற மேகங்களுக்கும் உதவட்டும் என்று, தன் குல வழக்கப்படி, திருத்தியதை வாசல் சுவரிலும் எழுதி ஒட்டியது.

விக்கல் நின்றது. இனி ஒரு ஆட்டமாவது கிடைக்கும் என்று லேப்டாப் ஆவலாகத் திரையைத் துடைத்துக்கொண்டது.

"நல்லா இருப்பே நீ," என்றது மேகம். "போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ. லினக்ஸ்காரன் எவனாவது உள்ளே நுழைஞ்சிடப் போறான்."