குளிரில் போட்ட முடிச்சு

சிற்றோடைகளில் சின்ன ட்ரவுட் மீன் பிடித்தே கை பழகியவர் குகநேசன். கடலுக்குப் போய்ப் பெருத்து ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீனுக்காக இறங்குவது இன்றுதான் முதல்முறை. கூட்டி வந்த அருளம்பலம், "முதல் நீங்கள் இறங்குங்கோ. இழுத்தாலும் தடியைத் தூக்காதேங்கோ. மீன் திரும்பட்டும், கொக்கி அதுவாவே வாயில கொளுவும்" என்றார். மீன் நிற்கும் நல்ல நீரை யாராவது மற்றவருக்கு முதலில் விட்டுக்கொடுப்பார்களா? மீன் இழுக்கும்போது சும்மா நில் என்று யாராவது சொல்வார்களா? இந்த ஆள் மீனைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்றே குகநேசனுக்குப் பட்டது. அதனால் நூல் அதிர்ந்ததும் வெடுக்கென்று தூக்கினார். பெரிய பாரம் ஒன்று தெரிந்தது. பிறகு கொக்கியில்லாத வெறும் நூல் காற்றில் ஆடியது.

அதே நீரில் பின்னால் வந்த அருளம்பலத்தின் தடி சற்று நேரத்தில் வளைந்தது. அவர் தூக்கவில்லை. கரைக்கு வந்த மீனின் வாயில் இரண்டு கொக்கிகள் இருந்தன. ஒன்று குகநேசனின் நூலில் இருந்த, சிவப்பு இறகு கட்டிய கொக்கி.

"உங்கடைதானே" என்று கழற்றிக் கொடுத்தார் அருளம்பலம். "தூக்காதேங்கோ எண்டு சொன்னனானெல்லே."

குகநேசன் வெட்கத்தோடு வாங்கினார். பிறகு கொக்கியின் துளையைப் பார்த்தார். நூல் அறுந்திருந்தால் அதில் ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கும். ஒன்றுமே இல்லை. நூல் அறவில்லை, முடிச்சுத்தான் அவிழ்ந்திருக்கிறது. காலையில் குளிரில் குகநேசனின் விரல்கள் விறைத்துப்போக, அந்த முடிச்சைப் போட்டுக் கொடுத்தவர் அருளம்பலம்.

"தாங்கோ, திரும்பக் கட்டிவிடுறன்" என்று அவர் கையை நீட்டினார்.

குகநேசன் உள்ளங்கையை இறுக மூடினார். கொக்கி குத்தியது. அவர் திறக்கவில்லை.