ரவை படுத்திருந்த நாள்

தெருவிலிருந்து மீட்ட பூனைகள் வாழும் ஒரு காபிக் கடைக்கு ரவை என்ற பூனை புதிதாக வந்தது. வந்த நாள் முதல் அதற்கு ஓய்வே இல்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறிக் கொஞ்சும்.

"உனக்குக் கால் வலிக்கலையா?" என்று கேட்டது கரிச்சட்டி. கடையிலேயே மூத்த பூனை அது.

"வலிக்குது. ஆனா சாயங்காலம் மீன் வேணுமே. பழைய வீட்டுல விளையாட்டு காட்டினாத்தான் சோறு. ஒருநாள் காய்ச்சல்ல படுத்துட்டேன். மறுநாளே பையில போட்டு மார்க்கெட்ல விட்டுட்டாங்க."

கரிச்சட்டி மூலையிலிருந்த அட்டைப்பெட்டியைக் காட்டியது. "அதுக்குள்ள படுத்திருக்கிற பூனையை யாரும் தொடக் கூடாது. கடைக்கார செலின் அக்கா போட்ட சட்டம்."

மறுநாள் ரவையால் நடக்கவே முடியவில்லை. பயந்துகொண்டே பெட்டிக்குள் போய்ச் சுருண்டது. காபி குடிக்க வந்த ஒருவர் உள்ளே கைவிட்டார்.

"அது தூங்கட்டுங்க," என்று செலின் அக்கா தடுத்தாள்.

"பூனையைத் தொட முடியாட்டி எதுக்கு இந்தக் கடை?" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

ரவை பெட்டியின் மூலைக்குள் ஒடுங்கிக்கொண்டது. பை வரும் என்று காத்திருந்தது.

சாயங்காலம் வந்தது மீன் கிண்ணம். வழக்கமான அளவு. பெட்டியின் வாசலில் வைத்துவிட்டு அக்கா தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

"இது எதுக்கு? நான் இன்னைக்கு ஒண்ணுமே செய்யலையே," என்றது ரவை.

"பசிக்கும்ல," என்றது கரிச்சட்டி.

கடையை மூடிவிட்டு அக்கா களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். ரவை நொண்டிக்கொண்டே வந்து அவள் மடியில் ஏறியது.

"சாப்பாடுதான் முடிஞ்சுதே, இப்ப எதுக்கு?" என்று கேட்டது கரிச்சட்டி.

ரவை கண்ணை மூடிக்கொண்டது.

"சும்மாதான்."