பர்ஹா வீட்டுக் கதவைத் திறந்தவள்

“உந்தச் செருப்புகளை ஒருக்கா ஓரமா எடுத்து வை பிள்ளை. ஆக்கள் வாற வழியெல்லே!”

வாசலில் நின்றபடியே சொன்னாள் ஹம்சிகா. கதவைத் திறந்த பெண் குனிந்து செருப்புகளை ஒதுக்கி வைத்தாள். ஹம்சிகா உள்ளே போய் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொண்டாள். கொழும்பு பாமன்கடையில் இருக்கும் பர்ஹாவின் வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

“பர்ஹா தொழுவுறாங்க. உக்காருங்க, இப்ப வந்துருவாங்க,” என்றாள் அந்தப் பெண்.

அந்தப் பேச்சே போதுமாக இருந்தது. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, வீட்டு வேலைக்கு நிற்கிறாள் என்று ஹம்சிகா முடிவு கட்டிவிட்டாள்.

“அப்ப ஒரு பிளேன்டீ போட்டுக்கொண்டு வா. சீனி குறைச்சு.”

அவள் ஒரு கணம் ஹம்சிகாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

பொறியியல் பீடத்தில் முதலாம் ஆண்டுக்காரர்களைக் கலந்துகட்டி, நாலு நாலு பேராகக் குழு பிரித்திருந்தார்கள். பீடத்தில் ஒருவரும் தன்னை வெளியாளாக நினைக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். இதுவரை எல்லாம் போனில்தான் நடந்தது. நேரில் கூடுவது இன்றுதான். பர்ஹாவும் நிஷாந்தியும் இருக்கும் இந்தக் குழுவுக்கு ஹம்சிகாதான் தலைவி. யாழ்ப்பாணத்து ஆட்கள், வெள்ளவத்தையில் வசதியான வீடு என்றுதான் அவளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

போன் அடித்தது. நாலாவது ஆள் அர்ஷாத்.

“ஓம் அர்ஷாத். காய்ச்சலெண்டால் வீட்டிலயே இரும், நாங்கள் பாக்கிறம். நிஷாந்தியோ? இன்னும் காணேல்ல. ஸூமில வந்தாலும் முகமும் காட்டாது, வாயும் திறக்காது. தோட்டத்து ஆக்களோட வேலை செய்யிறதெண்டால் உப்பிடித்தான். பேரை வெட்டிவிடச் சொல்லி மிஸ்ஸுக்கு எழுதுவம்.”

அந்தப் பெண் தேநீரைக் கொண்டுவந்து வைக்கவும், பர்ஹா தொழுகை முடித்து வரவும் சரியாக இருந்தது.

“அல்லாவே! நிஷாந்தி, நீங்க என்னத்துக்கு டீ ஊத்துறீங்க? ஹம்சிகா, இவதான் நம்மட நிஷாந்தி. நேரத்தோடயே வந்து காத்துக்கொண்டு ஈக்கிறா.”

ஹம்சிகாவுக்குக் காது மடல் சுட்டது. கூனிக்குறுகிப் போனாள்.

“எனக்கும் குடிக்கணும்போல இருந்துச்சு. அதான் மூணு பேருக்கும் போட்டுட்டேன்,” என்று நிஷாந்தி சிரித்தாள்.

பெரிய எழுத்தில் தானே எழுதி வந்திருந்த திட்டத்தின் முதல் வரியை ஹம்சிகா வாசிக்க வேண்டியிருந்தது. “ஆளைப் பார்த்ததும் எடை போடக் கூடாது.” வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். ஆங்கில விரிவுரை விளங்காதவர்களுக்குச் சனிக்கிழமைகளில் கூடிப் படிக்கும் வகுப்பு என்பது நிஷாந்தியின் யோசனை. கடைசியில் உருப்படியாக மிஞ்சியதும் அதுதான்.

“அடுத்த முறை உங்கட வீட்டில வெப்பமா ஹம்சிகா?” என்று கேட்டாள் பர்ஹா.

“எங்கட வீட்டில... இப்ப பெயின்ற் அடிக்கினம்.”

“கம்பஸ்லயே வச்சிக்கலாமே, எல்லாருக்கும் லேசு,” என்றாள் நிஷாந்தி.

ஹம்சிகாவும் நிஷாந்தியும் ஒன்றாகத்தான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். ஹம்சிகாவுக்கு ஒரே யோசனை. இவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்குப் பீடத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அதைவிட, தான் செய்த காரியம் தனக்கே அருவருப்பாக இருந்தது.

“நிஷாந்தி, என்னை மன்னிச்சுக்கொள்ளும். போனில கதைச்சதும் கேட்டிருக்கும். வெக்கத்தில செத்திடலாம் போல கிடக்கு.”

“விடுங்க. நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“வாசல்லயே நீர் ஆரெண்டு சொல்லியிருக்கலாமே. ஏன் பேசாமல் போய் டீ போட்டனீர்?”

நிஷாந்தி சுற்றிலும் கண்ணை ஓட்டினாள். நிறுத்தத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“நா பேரச் சொன்னா, எந்த ஊரு, யாரு புள்ளன்னு பேச்சு வரும். அப்புறம் பர்ஹா ஒங்களையும் கேப்பாங்க. நீங்க பொய் சொல்ல வேண்டி வரும்.”

“நான் என்ன பொய் சொல்லப்போறன்?”

நிஷாந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கொட்டாஞ்சேனையில பிளாட் கூட்டிக் கழுவ எங்கம்மாவோட ஒங்கம்மாவும்தானே போறாங்க. அவங்கதான் போன்ல ஒங்க படத்தக் காட்டி, ‘கம்பஸ்ல எம் மகளத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா, அவ பேரு கெட்டுரும்’னு எங் கையப் புடிச்சிக் கேட்டுக்கிட்டாங்க.”