கண்டிக் கோட்டில் ஒரு சொல்

வழக்கைக் கேட்டு முடித்த நீதவான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே ஒரே ஒரு சொல் சொன்னார்.

“டிஸ்சார்ஜ்.”

கூண்டில் நின்ற பாலம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும். கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள் அவள். பெரிய கங்காணி வீட்டுக் குத்துவிளக்கைத் திருடினாள் என்று வழக்கு. விளக்கைத் தன்னிடம் கொண்டுவந்து விற்றவன் கங்காணியின் சொந்த மச்சான் என்று கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர் ஹுஸைன் சற்று முன்தான் சாட்சி சொல்லிவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகுமா இந்தச் சொல்?

போன வருடம் தோட்டத்துத் துரை அவளுடைய அக்கா வேலாயியைப் பார்த்து இதைத்தான் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அவள் குடியிருந்த லயத்து அறையைப் பூட்டிவிட்டார்கள். அக்கா சட்டி பானையோடு மாத்தளை ரோட்டில் நடந்தாள். போனவள் போனவள்தான்.

அப்புறம் மகளுக்குக் காதில் சீழ் வடிந்தது. தோட்டத்து மருந்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “டிஸ்சார்ஜ் நிற்கவில்லையே” என்று உதட்டைப் பிதுக்கினார்.

கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்து நாலாவது வாரம் தாதியும் அதையே சொன்னாள். துரத்துகிறார்கள் என்று பாலம்மா அழுதுவிட்டாள். தாதி சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமாம்.

வேலை போவதும் அதுதான், சீழும் அதுதான், பிள்ளை வீடு திரும்புவதும் அதுதான். இன்றைக்கு எது?

“தோட்டத்த விட்டுப் போயிரணுங்களா, சாமி?” என்று நீதவானைப் பார்த்துக் கேட்டாள்.

கோட்டில் இங்கிலீசைத் தமிழாக்கிச் சொல்பவர் தியாகராஜா, யாழ்ப்பாணத்துக்காரர். நீதவான் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டக்கூடாது என்பது அவர் உத்தியோகம். வழக்கு நடந்த மூன்று தவணையும் அவள் முகத்தைக்கூடப் பாராமல்தான் பேசினார்.

அன்றைக்கு எழுந்து கூண்டருகே வந்தார்.

“பயப்படாதையும் பிள்ளை. உம்மில குற்றமில்லை எண்டு விட்டாச்சு. இது வேலையால நிப்பாட்டிற சொல் இல்லை. ஆதியில இந்தச் சொல்லுக்கு அர்த்தம், வண்டியில ஏத்தின பாரத்தை இறக்கிறது. உம்மட தலையில ஏத்தினதை ஐயா இறக்கிப்போட்டார். வீட்ட போம்.”

நீதவான் பேனாவை நிறுத்திவிட்டு அவரை ஒரு தரம் பார்த்தார். மறுபடி எழுதத் தொடங்கினார்.

பாலம்மா உடனே வீட்டுக்குப் போகவில்லை. கோட்டு கலையும்வரை வெளியே வெயிலில் நின்றாள். தியாகராஜா குடையோடு வந்ததும் ஓடிப்போய்க் குனிந்தாள். அவர் பதறி ஓரடி பின்னே வைத்தார்.

“நீங்க இல்லேன்னா அங்கனயே உசுரு போயிருக்குங்க. அடுத்த மாசம் டவுனுக்கு வர்றப்ப மகளையும் கூட்டியாறேன். ஒங்களப் பாத்துக் கும்பிடணும்.”

“இங்க வந்து தேடாதையும். செலவைக் குறைக்கினமாம். என்னையும் வேலையால நிப்பாட்டிப்போட்டினம். காலமை வேலைக்கு வந்த உடன கடிதம் தந்தவை, இண்டையோட சரி.”

கும்பிட்ட கையோடு அவள் அப்படியே நின்றாள்.

“இருபத்தாறு வருசமாச் சனத்தை மறியலுக்குப் போ, ஜெயிலுக்குப் போ எண்டுதான் அதிகமாச் சொன்னனான். கடைசியாச் சொன்னது, வீட்ட போம் எண்டு. நான்தான் பிள்ளை, உமக்கு நன்றி சொல்ல வேணும்.”

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடை சுமக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்து அவர் கைகூப்பினார்.