முகத்தின் மேல் ஒரு சிரிப்பு

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்துப் பதினொரு மணி வெயில் கணினித் திரையில் படிந்த தூசியைக் காட்டுகிறது. திரைக்குள் மன்னார். முற்றத்துப் பந்தலின் கீழ் பிலோமினாவின் அண்ணனைச் சவப்பெட்டியில் கிடத்தியிருக்கிறார்கள். செபமாலையின் முணுமுணுப்பு நேரலையில் விட்டுவிட்டுக் கேட்கிறது. அண்ணனின் முகம் மட்டும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு விளம்பரம். அதில் ஒருத்தி பல் தெரியச் சிரித்தபடி, நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று ஜெர்மனில் சொல்கிறாள். எதை என்று சொல்லவில்லை. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் இன்னொருத்தி வந்து சிரிக்கிறாள்.

"காலமை என்னத்தை அமத்தினீர்?" என்கிறார் கணவர் குரூஸ்.

"வீடியோ பாக்க ஏதோ போடவேணும் எண்டு கேட்டது. எல்லாத்துக்கும் ஓம் எண்டு அமத்திப்போட்டன்."

திரையின் ஓரத்தில் ஒரு பட்டியலைத் திறந்து, தெரியாத செயலிகளின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக நீக்குகிறார். காலையில் திரையின் மேல்விளிம்பில் புதிதாக முளைத்த மூன்று விளம்பரப் பட்டைகளில் இரண்டு போய்விட்டன. மூன்றாவதும் விளம்பரமும் போகவேண்டுமென்றால் கணினியை அணைத்துத் திரும்பப் போட வேண்டுமாம்.

"நிப்பாட்டிப் போடட்டோ? அஞ்சு நிமிசம்தான்."

"இஞ்சாருங்கோ, வேண்டாம். பெட்டி மூடப்போகினம்."

குரூஸின் விரல் மவுசின் மேல் அப்படியே நிற்கிறது. அங்கே யாரோ ஓலமிட, இங்கே ஒலிபெருக்கி கரகரக்கிறது. பிலோமினா கதிரையின் விளிம்புவரை நகர்ந்து, கழுத்தைச் சாய்த்து, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். நான்கு கைகள் மூடியைத் தூக்கி வைக்கின்றன.

விளம்பரம் தானாகவே விலகுகிறது. திரை முழுவதும் மூடிய பெட்டியின் பளபளக்கும் பலகை.